எழுபது என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஜிம் வீடியோக்களில் எக்டோமார்ஃப், மீசோமார்ஃப், எண்டோமார்ஃப் என்று மூணு உடல்வாகு பற்றிப் பேசுவார்களே, அந்தச் சொற்களை உண்டாக்கினவர் யார் என்று தேடப்போய்த்தான் நான் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளில் வந்து விழுந்தேன். அவர் பெயர் வில்லியம் ஷெல்டன். உளவியல் நிபுணர். மனித உடலுக்கு 1 முதல் 7 வரை மூன்று மதிப்பெண் போட்டு, அதை வைத்து ஆளின் குணத்தையே சொல்லிவிடலாம் என்று நம்பியவர். யேல், வாசர் போன்ற கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை ஆடையில்லாமல் நிற்கவைத்து எடுத்த படங்களின் விவகாரத்தில் அடிபடுகிற பெயரும் இவருடையதுதான். இன்றைக்கு அந்த உடல்வாகுக் கோட்பாட்டை அறிவியல் உலகத்தில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

ஆனால் இதே மனிதர் 1949-ல் 'எர்லி அமெரிக்கன் சென்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 1958-ல் அது திருத்தப்பட்டு 'பென்னி விம்சி' என்ற பெயரில் வந்தது. இன்று அமெரிக்காவில் எந்த நாணயத்தை வாங்கினாலும், பிளாஸ்டிக் பெட்டியின் லேபிளில் 1-லிருந்து 70-க்குள் ஒரு எண் இருக்கும். அந்த 70 இந்தப் புத்தகத்திலிருந்து வந்தது. ஏன் 100 இல்லை, ஏன் 10 இல்லை? இதற்குப் பதில் தெரியணும்னா முதலில் அந்தச் சென்ட்டுகளைப் பார்க்கணும்.

அமெரிக்காவின் முதல் நாணயச் சட்டம் 1792 ஏப்ரலில் வந்தது. அடுத்த வருடம் பிலடெல்பியா நாணயச் சாலை செம்பில் சென்ட் அடிக்க ஆரம்பித்தது. இப்போதைய சென்ட் மாதிரி குட்டியானது இல்லை. குறுக்களவு 28 மில்லிமீட்டர் அளவில், எடை பதிமூன்றரை கிராம் அளவில், கையில் வைத்தால் கனக்கிற காசு. முதல் வடிவத்தின் பூப்பக்கத்தில் 15 மாநிலங்களைக் குறித்து 15 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. சுதந்திர தேவியின் முதுகுக்குப் பின்னால் சங்கிலியா என்று அந்தக் காலப் பத்திரிகையே முகம் சுளித்தது. அந்த வடிவம் வந்த சில வாரங்களிலேயே போனது, மாலை வடிவம் வந்தது. அதன்பின் தொப்பிக் கம்பு ஏந்திய தலை, 1796-லிருந்து தோளில் துணி போர்த்திய தலை, 1808-லிருந்து நெற்றிப்பட்டை கட்டிய தலை. 1814 வரைக்கும் உள்ளவற்றைத்தான் 'ஆரம்பகாலச் சென்ட்' என்பார்கள். பெரிய சென்ட் என்ற அளவு 1857 வரை ஓடியது, ஆனால் ஷெல்டன் 1814-லேயே நிறுத்திவிட்டார்.

இந்தக் காசுகளில் என்ன விசேஷம்? எல்லாம் கைவேலை. நாணயம் அடிக்கிற எஃகு அச்சில் தேதியின் இலக்கங்களையும், சுற்றியுள்ள எழுத்துகளையும், மாலையின் இலை, பழங்களையும் ஒருவர் உட்கார்ந்து உளிமுத்திரையால் ஒவ்வொன்றாகக் குத்தணும், அல்லது செதுக்கணும். இன்று குத்திய 7 கொஞ்சம் இடது பக்கம் சாயும், நாளைக்குக் குத்துகிற 7 தலைமுடிக்கு ஒரு நூல் கிட்டே போகும். ஒரே மாதிரி இரண்டு அச்சு வராது, வரவே முடியாது. அப்போது கிடைத்த எஃகும் சுமார்தான். அச்சு விரிசல்விட்டு உடைந்துகொண்டே இருந்தது, புதிது புதிதாக வெட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தலை அச்சும் ஒரு பூ அச்சும் சேர்ந்தால் ஒரு ஜோடி. அந்த ஜோடிக்குத்தான் சேகரிப்பாளர்கள் 'வகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலை அச்சு அப்படியே இருக்க, பூ அச்சு உடைந்து வேறு ஒன்றை மாட்டினால் அது புது வகை. 1794 என்ற ஒரே வருடத்துக்கு மட்டும் ஐம்பதுக்கும் மேல் இப்படி வகைகள் இருக்கு. ஷெல்டன் 1793 முதல் 1814 வரை எஸ்-1 லிருந்து எஸ்-295 வரை எண் போட்டார்.

எண் போடும் காலத்துக்கு முன்னால் பெயர் வைக்கிற காலம் ஒன்று இருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எட்வர்ட் மாரிஸ் என்ற பிலடெல்பியா டாக்டர் 1869-ல் 1794-ம் வருடத்துச் சென்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தேவியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெயர் சூட்டியிருக்கிறார்: ஆப்பிள் கன்னம், இரட்டை மோவாய், குலுக்குக்காரி, கோணல் 7, விழுந்த 4. டாக்டர் இல்லையா, ஒன்றுக்கு 'மண்டையோட்டில் ஓட்டை போட்ட தலை' என்றும் பெயர். சேகரிப்பாளர்கள் இன்னும் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். எண் மனசில் நிற்காது, முகம் நிற்கும்.

வகையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு உதாரணத்தோடு சொல்றேன். 1804 சென்ட் அபூர்வமானது, அதனால் போலிகள் அதிகம். 1801, 1803 காசுகளின் கடைசி இலக்கத்தை நோண்டி 4 ஆக்கிவிடுவார்கள். ஆனால் 1804-க்கு இருப்பது ஒரே ஒரு அச்சு ஜோடி, எஸ்-266. அதனால் சோதனை சுலபம். தலைப்பக்கத்தின் அடியில் தேதி இருக்கிறது. அமெரிக்க நாணயத்தில் தலையும் பூவும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பதால், தேதிக்கு நேர் பின்னால் வருவது பூப்பக்கத்தின் உச்சி. அங்கேதான் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்பதில் 'ஆஃப்' வருகிறது. அசல் 1804-ல் தேதியின் பூஜ்யத்தில் ஒரு ஊசியைக் குத்தி மறுபக்கம் எடுத்தால் 'ஆஃப்' என்ற சொல்லின் 'ஓ' எழுத்தில் வந்து நிற்கும். நிற்கவில்லை என்றால் சந்தேகப்படணும். இலக்கத்தை நோண்டுகிறவன் ஒரு இலக்கத்தைத்தான் மாற்ற முடியும். மற்ற எழுத்துகளெல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதை அவனால் மாற்ற முடியாது.

1804-க்கு 'ரீஸ்ட்ரைக்' என்று ஒரு வேடிக்கையான உறவுக்காரரும் உண்டு. நாணயச் சாலை தூக்கிப்போட்ட துருப்பிடித்த பழைய அச்சுகளை யாரோ எடுத்து, 1803 தலை அச்சைக் கீறி 1804 ஆக்கி, அதோடு 1820-ன் பூ அச்சைச் சேர்த்து, 1860 வாக்கில் அடித்து விற்றார்கள். துணி போர்த்திய தலைச் சென்ட்டின் பூப்பக்கத்தில் அடியில் நூறில் ஒன்று என்ற பின்னம் இருக்கும். 1820-ல் அந்தப் பின்னமே கிடையாது. திருப்பிப் பார்த்த அடுத்த நொடியில் மாட்டிக்கொள்வார்.

1799 விஷயமும் இதே மாதிரி. அது இந்த வரிசையிலேயே மிகவும் தேடப்படுகிற வருடம். ஜோடிகள் இரண்டே இரண்டு: எஸ்-188, எஸ்-189. ஆனால் 1798-க்கு நாற்பதுக்கும் மேல் வகைகள், காசும் ஏராளம். 8-ஐ 9 ஆக்குவது ஒரு நல்ல கைவேலைக்காரருக்குப் பெரிய காரியம் இல்லை. கையில் உள்ள காசின் எழுத்து அமைப்பு அந்த இரண்டு ஜோடியில் எதோடும் பொருந்தாமல், ஏதாவது ஒரு 1798 ஜோடியோடு பொருந்தினால் கதை முடிந்தது.

எல்லா வகையும் இப்படி நூலளவு வித்தியாசத்தில் இல்லை. 1796-ல் ஒரு அச்சில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'பி' எழுத்தைத் திருப்பிக் குத்திவிட்டு, அதன் மேலேயே சரியாகக் குத்தினார்கள். இப்போது அது 'எச்' மாதிரி தெரியும். 1801-ல் ஒரு பூ அச்சில் மூன்று தப்பு: பின்னம் ஆயிரத்தில் ஒன்று மாதிரி மூன்று பூஜ்யத்தோடு நிற்கிறது, 'யுனைடெட்' என்பதன் முதல் எழுத்து இரண்டு 'ஐ' போல இருக்கிறது, மாலையின் ஒரு காம்பைக் காணோம். இவற்றுக்கெல்லாம் ராஜா 1794-ன் எஸ்-48. அதன் பூப்பக்க விளிம்பில் பற்களுக்கு நடுநடுவே 94 குட்டி நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று ஒரு காகிதத் துண்டும் இல்லை. மதிய நேரத்தில் வேலை இல்லாமல் ஒருவர் பழகிப் பார்த்த எஃகுத் துண்டு பின்னால் அச்சாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். ஊகம்தான்.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கு. ஒரே ஜோடி அச்சு ஆயிரக்கணக்கில் காசு அடித்தால் அதற்கும் வயசாகும். விரிசல் விழும், விரிசலில் செம்பு புகுந்து காசின் மேல் மெல்லிய மேட்டுக்கோடாகத் தெரியும். நடுவில் தகடு இல்லாமல் அச்சுகள் இரண்டும் மோதிக்கொண்டால், ஒன்றின் வடிவம் மற்றொன்றில் மங்கலாகப் பதியும். 1804-ன் கடைசி நிலையில், தலைப்பக்கம் 'லிபர்ட்டி'யின் கடைசி எழுத்துகளுக்கு மேலேயும், பூப்பக்கம் 'அமெரிக்கா'வின் நடு எழுத்துகளுக்கு மேலேயும் அச்சின் ஓரம் உடைந்து, செம்பு கட்டியாகப் பிதுங்கி நிற்கும். விரிசல் வளர்வது ஒரு திசையில்தானே, அதனால் எந்தக் காசு முன்னால் அடித்தது, எது பின்னால் அடித்தது என்று வரிசை கட்டிவிடலாம். நாணயச் சாலையின் கணக்குப் புத்தகம் சொல்லாததைக் காசே சொல்லும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆம் அல்லது இல்லை என்று பதில் வருகிற விஷயம். எஸ்-266 என்றால் எஸ்-266தான். சென்னையில் இருக்கிறவரும் பாஸ்டனில் இருக்கிறவரும் படத்தை வைத்துக்கொண்டு ஒரே முடிவுக்கு வருவார்கள். தரம் என்று வரும்போது இந்த நிம்மதி போய்விடும்.

இப்போ அந்த எழுபதுக்கு வரலாம். ஷெல்டன் காலத்துச் சந்தையில் அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரு 1794 வகை, என்ன வகை என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மட்டும் தேய்ந்த நிலையில் 1 டாலருக்குப் போனால், அதே வகையின் மிகச் சிறந்த காசு சுமார் 70 டாலருக்குப் போகிறது. ஆக அடிமட்ட நிலைக்கு 1, உச்சிக்கு 70. நடுவிலுள்ள தரங்களுக்கும் விலையை வைத்தே எண் போட்டார்: 'குட்' என்றால் 4, 'வெரி குட்' 8, 'ஃபைன்' 12, 'வெரி ஃபைன்' 20, 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' 40, புழக்கத்துக்கே போகாதது 60-லிருந்து மேலே. ஒரு வகையின் அடிமட்ட விலை 2 டாலர் என்றால், 20-ம் தரக் காசின் விலை 40 டாலர். பெருக்கல் வாய்ப்பாடு, அவ்வளவுதான்.

அதாவது 70 என்பது அழகின் அளவு இல்லை. 1940-களில் செம்புச் சென்ட் விற்ற விலைப் பட்டியல். 40-ம் தரக் காசு 20-ம் தரக் காசைவிட இரண்டு மடங்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமே இல்லை. அன்றைக்கு இரண்டு மடங்கு விலைக்குப் போனது என்றுதான் அர்த்தம். கொஞ்ச வருடத்திலேயே நல்ல காசுகளின் விலை தாறுமாறாக ஏறி அந்த வாய்ப்பாடு செத்துப்போனது. எண்கள் மட்டும் சாகவில்லை. 1970-களில் வெள்ளி, தங்கம் என்று எல்லா அமெரிக்க நாணயத்துக்கும் இதே அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த வருடம் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் வந்து, தரத்தை எழுதிப் பெட்டிக்குள் வைத்து சீல் செய்து கொடுக்க ஆரம்பித்தன. இன்று உச்சித் தரங்களில் 64-க்கும் 65-க்கும் நடுவில் விலை பல மடங்கு தாவும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் ஒரு சின்னக் கீறல்.

செம்புக்காரர்கள் இந்தப் பெட்டி எண்ணை அப்படியே ஒத்துக்கொள்வதில்லை. 1967-ல் தொடங்கிய 'எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்' என்ற சங்கத்தின் ஆட்களுக்குத் தனிக் கணக்கு. முதலில் தேய்மானத்தை மட்டும் பார்த்து ஒரு எண்: காதுக்கு மேலுள்ள முடிக்கற்றை, தோள், இலைகளின் நரம்பு, இவை எவ்வளவு மிச்சம் இருக்கின்றன? பிறகு குறைகளுக்குக் கழிவு: குழி, வெட்டு, விளிம்பில் அடி, களிம்பு, கழுவின தடம். 20-ல் ஆரம்பித்த காசு கழிவெல்லாம் போக 12-ல் வந்து நிற்கும். பெட்டியில் 30 என்று எழுதியிருப்பதை இவர்கள் 20 என்று சொல்வதெல்லாம் சகஜம். நான் படித்தவரையில் இவர்கள் முறைதான் நேர்மையானது, ஏன் கழித்தோம் என்றாவது சொல்கிறார்கள்.

கழுவின தடம் பற்றி ஒரு வார்த்தை. செம்புக் குடத்துக்குச் செய்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் இருநூறு வருஷப் பழுப்பு ஒரு நிமிஷத்தில் போய்விடும், விலையும் கூடவே போய்விடும். தேய்த்த செம்பு ஒரு மாதிரி இளஞ்சிவப்பாகப் பளபளக்கும், பழகின கண் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். செய்யாதீங்க.

வகை என்பது உண்மை, தரம் என்பது அபிப்பிராயம் என்று இப்போது பிரித்துவிட்டோம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு திருட்டு நடந்தது. செய்தவர் ஷெல்டன்.

பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் கிளாப் என்ற அலுமினியத் தொழிலதிபர் தன் பெரிய சென்ட் சேகரிப்பை நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். ஷெல்டன் தன் ஆராய்ச்சிக்காக அந்தத் தட்டுகளைப் பார்க்க வருவார். இந்தத் துறையில் அவரைவிடப் பெரிய ஆள் யார், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சங்கத்தின் நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தன்னிடமிருந்த மட்டமான காசை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் கண்டுபிடித்த கணக்குப்படி 129 காசுகள்.

இது எப்படிச் செல்லுபடியானது என்று யோசித்துப் பாருங்கள். தட்டில் எண்ணிக்கை குறையவில்லை. அட்டையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ, குழியிலும் அதே வகைதான் இருக்கிறது. அச்சு ஜோடியைச் சோதித்தால் பாஸ். மாறியிருப்பது தரம் மட்டும்தான். தரம்தான் அபிப்பிராயமாச்சே! 'முன்னால் பார்த்தவர் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார் போல' என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த அளவுகோலை உண்டாக்கிய ஆளுக்கு அதன் ஓட்டை தெரியாமலா இருந்திருக்கும்?

ஷெல்டன் தன் சேகரிப்பை 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவிலுள்ள ஒரு பெரிய சேகரிப்பாளருக்கு விற்றார். 1977-ல் இறந்தார். 1990-களின் ஆரம்பத்தில்தான் குட்டு உடைந்தது. உடைத்தது வகை எண்ணும் இல்லை, தர எண்ணும் இல்லை. அவற்றுக்கும் கீழே இருக்கிற மூன்றாவது அடையாளம். ஒவ்வொரு காசும் அச்சிலிருந்து வெளியே வந்த பிறகு தனக்கென்று சில தழும்புகளைச் சேர்த்துக்கொள்ளும்: கழுத்தில் ஒரு சிறு வெட்டு, தகட்டிலேயே இருந்த ஒரு பிளவு, விளிம்பில் ஒரு அடி. 129 காசில் ஒன்றுக்கு உள்ள தழும்பு இன்னொன்றுக்கு வராது. பழைய புகைப்படங்களில் கிளாப்பின் காசு என்று இருந்ததையும், ஷெல்டனிடமிருந்து விலைபோன காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே காசு.

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. வாங்கியவர் பணம் கொடுத்து, திருட்டு என்று தெரியாமல் வாங்கினவர்; எத்தனையோ வருடம் கழித்து வந்து கேட்கிறார்களே என்பது அவர் பக்க நியாயம். திருட்டு எப்போது தெரியவந்ததோ அப்போதிலிருந்துதான் காலக்கெடு ஓட ஆரம்பிக்கும் என்று சொல்லி, 1996-ல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பு கொடுத்தது. திருட்டுப்போன காசுகள் சங்கத்துக்குத் திரும்ப ஆரம்பித்தன.

திரும்பி வந்த காசுகளையும் எஸ் என்ற எழுத்தோடுதான் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது. எஸ் என்றால் ஷெல்டன். வேறு எண் வரிசை கொண்டுவரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இத்தனை வருடத்து ஏலப் பட்டியல், புத்தகம், டப்பி, லேபிள் எல்லாவற்றிலும் அந்த எண்தானே இருக்கு.